மூன்று மூலை எஞ்சின்

சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கார் எஞ்சின் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கார் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. எஞ்சின் மட்டும் சென்னையிலிருந்து மினி லாரியில், தார்ப்பாய் போர்த்தி, வலங்கைமான் வழியாக வந்து இறங்கியது. இறக்கியவர்கள் நெல் மூட்டை தூக்கும் நான்கு பேர். இறக்கி வைத்துவிட்டு, இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கும் தெரியவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஷார்ஜாவில் பழைய ஜப்பான் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை. அந்தக் கார்களில் ஒரு வகைக்கு ரோட்டரி எஞ்சின் என்று ஒன்று உண்டு. அந்தப் பட்டறையில் அதைத் திறந்து மூடத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். சென்னையில் ஒருவர் அப்படிப்பட்ட கார்கள் நான்கு வைத்திருந்தார். நான்கும் ஓடவில்லை. யாரோ சொல்லி அவர் சித்தப்பாவுடன் பேசியிருக்கிறார். பேச்சு இப்படி முடிந்தது: விடுப்பில் வரும்போது ஓர் எஞ்சினை அனுப்பி வைப்பார், சித்தப்பா அதை ஓட வைத்துக் காட்ட வேண்டும், ஆயுத பூஜை கழிந்து பத்து நாளுக்குள் ஓடிவிட்டால் சென்னையில் அவருடைய கார்களுக்கெல்லாம் சித்தப்பாதான் பொறுப்பு. ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

சித்தி எங்களோடுதான் இருந்தார். கல்யாணமாகி ஐந்து ஆண்டுகளில் அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் எட்டு மாதம் தேறாது என்று அம்மா ஒருமுறை விரல்விட்டுச் சொன்னார். அதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா இல்லாத வீடுதான் எனக்கு வழக்கமான வீடு. அவர் வந்தால் விருந்து. விருந்தென்றால் ஒருநாள் முடியத்தானே வேண்டும்.

குறுவை அறுப்பு முடிந்து, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் முறை வருவதற்காக உள்ளறையில் காத்திருந்தன. அதனால் எஞ்சினுக்குக் கூடம் ஒதுக்கப்பட்டது. சித்தப்பா பழைய பாயை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். நீள போல்ட்டுகள் பதினெட்டு. தட்டு போன்ற இரும்புகள். ரப்பர் வளையங்கள். நடுவே இரண்டு முக்கோணங்கள்.

பக்கத்துத் தெரு டிராக்டர் மெக்கானிக் வேடிக்கை பார்க்க வந்தார். பாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“பிஸ்டன் எங்கங்க?”

“இதுல கிடையாதுங்க,” என்றார் சித்தப்பா.

“வால்வு?”

“அதுவும் கிடையாது.”

“அப்புறம் என்னத்தைங்க பிரிச்சீங்க?”

அப்பா சத்தமாகச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்ததால் அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கோணம் சமோசா மாதிரி இருந்தது. மூன்று பக்கமும் லேசாக உப்பியிருக்கும். நிலக்கடலை ஓடு போல இடுப்பு சிறுத்த ஒரு கூட்டுக்குள் அது சுழல வேண்டும். அதன் மூன்று மூலைகளிலும் மெல்லிய பள்ளம் வெட்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் நீளத்தில் ஓர் இரும்புத் தகடு உட்காரும். அதற்கு சீல் என்று பெயர். தகட்டுக்கு அடியில் வில் போல வளைந்த ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தள்ள, தகடு வெளியே வந்து கூட்டின் சுவரை எப்போதும் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உரசாவிட்டால் ஒரு பக்கத்துப் புகை மறுபக்கம் போய்விடும், எஞ்சின் ஓடாது.

“வாய்க்கால்ல மடைக்குப் பலகை போடுறோம்ல, அது மாதிரிண்ணே,” என்று சித்தப்பா அப்பாவுக்கு விளக்கினார். “பலகை சரியா உக்காரலைன்னா இந்தப் பக்கத் தண்ணி அந்தப் பக்கம் போயிடும்ல?”

“ஒழுகுச்சுன்னா சேத்தை அள்ளி அப்பிடுவோம். நீயும் அப்பு,” என்றார் அப்பா.

கூடத்தில் நடந்த பேச்சில் எனக்கு முழுதாக விளங்கியது இது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சித்தி எனக்குத் தலை பின்னிவிடும்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“பாப்பா, நாளைக்கு சாமி கும்பிடறப்ப அந்த எஞ்சின் ஓடணும்னு வேண்டிக்கடா.”

“ஓடினா?”

“ஓடினா சித்தப்பா போகமாட்டாங்க. நானும் அவங்களும் மெட்ராஸ் போயிடுவோம். லீவுக்கு நீ அங்க வரலாம். யாருகிட்டயும் சொல்லாத.”

இதில் சொல்லக்கூடாதது எது என்று தெரியவில்லை. சித்தப்பாவின் எஞ்சின் ஓட வேண்டுமென்று சித்தி நினைப்பதில் என்ன ரகசியம்? ஆனால் சித்தியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒன்றை வேண்டும் என்று வெளியே சொன்னால் அது கிடைக்காது என்று நம்புவார். சித்தப்பாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவர் சென்னையில் வீடு பார்க்கிற பேச்சை எடுத்தபோது, “அங்க தண்ணி ஒழுங்கா வருமாங்க?” என்று மட்டும்தான் சித்தி கேட்டார். சித்தப்பா அதற்கு மேல் பேசவில்லை.

ஆயுத பூஜையன்று காலையில் சித்தப்பா எஞ்சின் தட்டுகளை ஒட்டிப் பூட்டுவதற்கான பசை வாங்கக் கும்பகோணத்துக்குப் போனார். போகும்போது சித்தியிடம், “டூல்ஸ் பெட்டிக்கு மட்டும் பொட்டு வை. பார்ட்ஸ்ல யாரும் கை வைக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி அதை அம்மாவிடம் சொன்னார். அம்மா ஏற்கவில்லை.

“மம்மட்டிக்கு வைக்கிறோம், அருவாளுக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம். இம்மாம் பெரிய எஞ்சினை விட்டுட்டுக் வெறும் பெட்டிக்குப் பொட்டு வெச்சா நல்லாவா இருக்கும்? தொடச்சா போயிடும்மா. பாப்பா, ஒண்ணு விடாம வெச்சுட்டு வா.”

சித்தி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டார். அம்மா அவருக்கு மூத்தவர்.

கடையில் விற்கும் சந்தன வில்லைகளைத் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் தந்தார்கள். மண்வெட்டி, அரிவாள், தராசு, மருந்தடிக்கும் தெளிப்பான், என் பேனா எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு பாய்க்கு வந்தேன். சீல் தகடுகளைச் சித்தப்பா தகர டப்பாவில் பூட்டி வைத்திருந்தார். டப்பாவின் மூடிமேல் வைத்தேன். போல்ட்டுகளின் தலையில் பதினெட்டுப் பொட்டு. முக்கோணங்களுக்கு மூலைக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். முதல் முக்கோணம் துடைத்துக் காய்ந்திருந்தது. மூன்று பொட்டும் நின்றன. இரண்டாவதில் இரண்டு மூலைகளில் நின்றது. மூன்றாவது மூலையில் எண்ணெய் இருந்தது. வைத்த சந்தனம் வழுக்கிக்கொண்டு வந்தது. நான்கு முறை வைத்தேன். நான்கு முறையும் வழுக்கியது. ஒன்று விடாமல் வை என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூலையில் பிடிமானமுள்ள இடம் பள்ளம் ஒன்றுதான். சந்தனத்தை அதற்குள் வைத்து ஆள்காட்டி விரலால் அழுத்தினேன். நின்றது. மேலே குங்குமம் வைத்தேன். பிறகு எஞ்சின் ஓட வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். மூன்று முறை சொன்னேன். அந்த மூலைக்கு நேராக நின்று.

நிமிர்ந்தபோது சித்தி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. “வெச்சாச்சா? வா,” என்றார்.

மறுநாள் சித்தப்பா பொட்டுகளைப் பார்த்துக் கொஞ்சம் கத்தினார். அம்மா, “சாமிக்கு வெச்சதுக்குக் கத்தாதே தம்பி,” என்றதும் அடங்கி, எல்லாவற்றையும் டீசலில் அலசித் துடைத்தார். அன்றும் அடுத்த நாளும் எஞ்சினைப் பூட்டினார். கொட்டிலில் இரும்புச் சட்டம் நிறுத்தி அதன்மேல் ஏற்றி, டிராக்டர் பேட்டரியை இணைத்தார். ஓட வைப்பதற்கு முன்னால் அழுத்தம் பார்க்க வேண்டுமாம். பிளக் போடும் துளையில் ஒரு மீட்டரைச் செருகிச் சுற்றவிட்டார். மீட்டரின் முள் மூன்று முறை துள்ளும். மூன்றும் ஒரே உயரம் துள்ள வேண்டும்.

முதல் முக்கோணத்தில் சரியாகத் துள்ளியது. இரண்டாவதில் ஒரு துள்ளல் உயரம். அடுத்த இரண்டும் பாதிகூட இல்லை. டப், புஸ், புஸ். மறுபடியும் டப், புஸ், புஸ். அப்பாவுக்கு அது தாளம் போலக் கேட்டிருக்க வேண்டும், தலையாட்டினார்.

“ரெண்டு சீல் போச்சா?” என்றார்.

“இல்லண்ணே. ஒண்ணுதான். ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரு சுவர். சுவர்ல ஓட்டைன்னா ரெண்டு ரூமுக்கும்தானே நஷ்டம்?”

கெட்டது ஒன்று, குறைவது இரண்டு. நான் கூடத்துக்கும் நெல் அறைக்கும் நடுவிலுள்ள சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் விளங்கவில்லை.

எஞ்சினை மறுபடி பிரித்தார். பிரிக்க ஒரு நாள், பசை சுரண்ட ஒரு நாள். சந்தேகப்பட்ட மூலையின் சீலை அடுத்த மூலைக்கும், அடுத்த மூலையின் சீலை இதற்கும் மாற்றிப் போட்டார். கோளாறு சீலில் இருந்தால் அதனோடு இடம் மாறும். மாறாவிட்டால் கோளாறு பள்ளத்தில். இதைச் சொல்லும்போது அவர் குரல் தெளிவாக இருந்தது. மறுபடி பூட்டி, மறுபடி சுற்றினார். கோளாறு அதே மூலையில் நின்றது. அதற்குள் ஆறு நாள் போய்விட்டிருந்தது. சென்னைக்காரர் இரண்டு முறை பேசினார். சித்தப்பா இரண்டு முறையும் “ரெண்டே நாள் சார்” என்றார்.

அந்த முக்கோணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் லேத் பட்டறைக்குப் போனோம். பள்ளி விடுமுறை என்று என்னையும் கூட்டிப்போனார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு இதைக் கீழ வைங்க சார்,” என்றார். சித்தப்பா இரும்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் சாக்கோட்டை வரை நின்றுகொண்டே போனேன்.

லேத் பட்டறைக்காரர் பள்ளத்தின் வாயில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்து அளந்தார்.

“தேஞ்சுபோச்சு சார். அகலமா வெட்டிட்டுத் தடிமனான சீலாப் போட்டுக்கங்க.”

“தடிமன் சீல் துபாய்லேருந்து வரணும். பதினஞ்சு நாள் ஆகும்.”

“அப்ப இதைப் பேப்பர் வெயிட்டா வெச்சுக்கங்க.”

சித்தப்பா அவர் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. வெட்டவும் விடவில்லை. திரும்பும்போது என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டார்; இரும்பு காலடியில் கிடந்தது. அது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

எட்டாவது நாள் மத்தியானம் அப்பா கொள்முதல் நிலையத்திலிருந்து சாப்பிட வந்திருந்தார். சித்தப்பா கூடத்தில் முக்கோணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கை மட்டும் பள்ளத்துக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முனை போகிற ஆழத்துக்கு மறுமுனை போகவில்லை. சித்தியைப் பார்த்துக் கையை நீட்டினார். சித்தி வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சித்தப்பா அதை நிமிர்த்திப் பள்ளத்தின் அடியைச் சுரண்டினார். கறுப்பாக ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தது. நகத்தால் உடைத்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தனம்,” என்றார்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

“பள்ளத்துக்குள்ள யாரு வெச்சது?”

சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் சித்தி சொல்லிவிட்டார்.

“நான்தாங்க. எண்ணெயில பொட்டு நிக்கல. அதான் அழுத்தி வெச்சேன்.”

அம்மா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன்.

“உங்கிட்டதானே சொல்லிட்டுப் போனேன்? பெட்டிக்கு மட்டும்னு?” சித்தப்பா கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் வழி கேட்பது போலக் கேட்டார். “நான் இங்க இருக்கறதுல உனக்கு விருப்பமே இல்லையா?”

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர். ஒருவர் சித்தி. இன்னொருவர் நான். சித்தி சமையலறைக்குள் போனார். நான் அங்கேயே நின்றேன். எனக்குள் பயத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. வைத்தது நான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் சித்தி, நான் எதற்காக அழுத்தினேனோ அதே காரணத்தையே சொன்னார். பெரியவர்கள் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. செய்ததை இல்லை என்று சொல்லித்தான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் எனக்குப் பிறகு அவரும் வந்து அதே மூலையில் வைத்திருப்பாரோ? என்னுடையது விழுந்து, அவருடையது மட்டும் தங்கியதோ? சாயங்காலத்துக்குள் அப்படித்தான் நடந்திருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் பசித்தது.

பூட்டி முடிக்கப் பதினோராவது நாள் ஆகிவிட்டது. இந்த முறை முள் மூன்று தடவையும் ஒரே உயரம் துள்ளியது. அன்று மாலை எஞ்சின் ஓடியது. அதன் சத்தம் டிராக்டர் மாதிரியும் இல்லை, மோட்டார் மாதிரியும் இல்லை. பெரிய துணியை முடிவில்லாமல் கிழித்துக்கொண்டே போவது போல இருந்தது. தெருவே கொட்டிலில் கூடியது. டிராக்டர் மெக்கானிக் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிஸ்டன் இல்லாம ஓட்டிட்டீங்களே, பெரிய ஆளுங்க நீங்க,” என்றார். நான் என் வேண்டுதல் பலித்ததைச் சித்தியிடம் சொல்ல ஓடினேன். அவர் கொல்லைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாடா, ஓடிடுச்சு,” என்றார்.

சித்தப்பா கைப்பேசியில் எடுத்த வீடியோவைச் சென்னைக்கு அனுப்பினார். மறுநாள் காலை சென்னைக்காரர் பேசினார். சித்தப்பா வாசலில் நின்று பேசியதில் எங்களுக்குக் கேட்டது “சரி சார்”, “பரவாயில்ல சார்” என்ற இரண்டு மட்டும்தான். உள்ளே வந்து அப்பாவிடம் சொன்னார்: சொன்ன நாள் தாண்டியதால் சென்னைக்காரர் கோயம்புத்தூரிலிருந்து வேறோர் ஆளை வரவழைத்துவிட்டாராம். எஞ்சின் பிரமாதம் என்றாராம். அனுப்பிவைக்கச் சொன்னாராம்.

“ஒரு நாள்ல என்னடா கெட்டுப்போச்சு?” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, சித்தி காதில் விழும்படியா விழாதபடியா என்று தெரியாத ஒரு குரலில், “சந்தனம் வைக்க வேற இடமா இல்ல,” என்றார். அம்மா அப்பாவை முறைத்தார். ஆனால் அம்மாவும் வேறொன்றும் சொல்லவில்லை. அது ஏன் என்று இன்றுவரை நான் அம்மாவிடம் கேட்டதில்லை.

எஞ்சின் வெள்ளிக்கிழமை போனது. சித்தப்பா அடுத்த புதன்கிழமை போனார். திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் வந்தது. எப்போதும் சித்தி கார் வரைக்கும் வருவார். அன்று நிலைப்படியைத் தாண்டவில்லை. சித்தப்பாவும், “வரேன்,” என்று பொதுவாக எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அவர் போன பிறகு சித்தி என்னைக் கூப்பிட்டு, பிரிந்திருந்த பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினார்.

“நீங்களும் அந்த மூலையில வெச்சீங்களா சித்தி?” என்று கேட்டேன்.

அவர் என் தலையை முன்பக்கம் திருப்பினார்.

“தலையை ஆட்டாதே. வகிடு கோணும்,” என்றார்.

நான் ஆட்டவில்லை. அந்தப் பதிலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து பேசுவார். அந்த விடுப்புக்கு முன்பெல்லாம், நாங்கள் பேசி முடித்ததும் சித்தி கைப்பேசியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போவார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடுப்பில் வைத்ததை அம்மாதான் பார்த்துக்கொள்வார். அந்தக் குளிர்காலத்திலிருந்து சித்தி பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியோடு போனால், பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நானும் கவனித்தேன். கொல்லைப்புறத்தில் சிக்னல் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். மாடிப்படியில் நின்று பேசினால் நன்றாகக் கேட்கும் என்று அவரிடம் ஒருநாள் சொல்லவும் செய்தேன்.